பாரிசுக்குப் பதினொன்றரை ரயில்

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு லண்டன் வெம்பிளியில் வீட்டை விட்டு இறங்கினேன். மகன் முதலில் எடுத்துத் தந்தது ஒன்பது முப்பத்தொன்று ரயில். அதைப் பிடிக்க ஏழே முக்காலுக்கு வாசலைத் தாண்ட வேண்டும். திங்களில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். சும்மா கடைக்குப் போவதென்றாலே அந்த நேரத்தில் இறங்கமாட்டேன். பாரிசில் இருக்கும் அக்காவுக்கு மறுநாள் இருதய ஒப்பரேசன். இறங்குவேனா? பதினொன்று முப்பத்தொன்றுக்கு மாற்றச் சொன்னேன். முப்பது பவுண் கூடக் கட்டி, முகத்தைச் சுளித்தபடி மாற்றித் தந்தான்.

ஒப்பரேசன் நாளில் ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். திங்கள் மாலை எட்டு மணிக்குள் போனால்தான் பார்க்கலாம். அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு எப்படியோ, யார் கண்டது.

மெட்ரோபொலிட்டன் லைனில் வந்து ஒன்பதே முக்காலுக்கு செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில் இறங்கினேன். பையைச் சோதித்தார்கள். பிரான்ஸ் பொலிசும் அங்கேயே நின்று பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். லண்டனை விடாமலே எல்லை கடந்தாயிற்று. உள்ளே போய் ஒரு கதிரை பிடித்து உட்கார்ந்தேன்.

பத்தரைக்கு ரயில் நேரம் காட்டும் பலகை முழுக்கச் சிவப்பாயிற்று. எனக்கு இலக்கம் தெரியும், இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது. பக்கத்தில் ஐம்பது வயதளவில் நம் ஆள் ஒருவர் இருந்தார். கேட்டேன்.

"காத்துக்கு மரம் ஒண்டு தண்டவாளத்திலை விழுந்திட்டுதாம் அம்மா, கென்ட் பக்கம். லைனைப் பாத்து முடிக்குமட்டும் ஒரு ரயிலும் ஓடாது."

"ஒம்பதரை ரயில்?"

"அது மரம் விழ முந்தியே தப்பிப் போட்டுது."

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பேசினார். முன்பு பிரான்சில் இருந்தவர்; இப்போது ஆஷ்போர்டில் பலசரக்குக் கடை.

"முந்தி ஆஷ்போர்டிலையே ஏறுவன். இப்ப அங்கை நிப்பாட்டுறேல்லை. லண்டனுக்கு வந்து ஏறி, திரும்ப என்ரை கடைக்குப் பக்கத்தாலை போக வேண்டிக் கிடக்கு. மறுபடி நிப்பாட்ட வேணுமெண்டு ஊர்ச்சனம் கேட்டுக்கொண்டுதான் இருக்குது. எங்கை!" என்றவர், "நீங்கள் ஏன் ஒம்பதரையிலை போகேல்லை?" என்று கேட்டார்.

சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"லண்டன் நேரத்துக்கோ பிரான்ஸ் நேரத்துக்கோ பாத்தனீங்கள்? அங்கை ஒரு மணித்தியாலம் முன்னுக்கெல்லே?"

"என்ரை வாசல் வெம்பிளியிலைதானே தம்பி இருக்கு" என்றேன்.

விட்டுக்கொடுக்கவில்லைதான். ஆனால் மூன்று பவுண் அறுபது கொடுத்து வாங்கிய தேத்தண்ணீர் அப்படியே ஆறிப்போனது. முழங்கால் உளைந்தது. பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. எட்டு மணிக்கு இன்னும் எவ்வளவு என்று விரல் மடித்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

இரண்டு இருபதுக்கு அறிவித்ததை அவர் சொல்லித் தந்தார். ஆட்கள் நடந்து போய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டார்களாம். வெறும் ரயில் ஒன்றை மெதுவாக ஓட்டியும் பார்த்தார்களாம். இனி நாங்கள் போகலாமாம்.

மூன்று பத்துக்குப் புறப்பட்டது. கென்ட்டில் மாட்டு வண்டி போல ஊர்ந்தது. செம்மஞ்சள் சட்டைக்காரர் ஐந்தாறு பேர் சல்லிக் கல்லில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அறுத்த மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஆஷ்போர்டில் அவர் எழும்பி நின்று, "அந்தா, அந்தப் பக்கம்தான் கடை" என்று காட்டினார். ஸ்டேஷன் வெறிச்சென்று கிடந்தது. நிற்காமலே போனோம்.

பிரான்ஸ் நேரம் ஏழு மணிக்கு இறங்கினேன். டாக்சி பிடித்து, ஏழு நாற்பதுக்கு அக்காவின் கட்டிலடியில் நின்றேன்.

"வந்திட்டியோ" என்றார். "வெள்ளண ரயில் இல்லையோ?"

நான் பையைத் திறந்து எதையோ தேடினேன்.

"திங்கக்கிழமை. ஏழரை" என்று அவரே சொன்னார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு அக்கா?"

"மூண்டு."

செவ்வாயில் ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே அக்காதான், அந்தக் காலத்தில்.

"மாத்தித் தரச்சொல்லிக் கேக்கேல்லையோ?"

"டொக்டர் வாற நேரம் அது. நான் காலமை துடக்கம் நீ வாற நேரத்தைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

இருபது நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எட்டுக்கு எழுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை அக்கா கண் திறந்தார். அன்று மகன் போன் எடுத்தான்.

"அம்மா, சனிக்கிழமை திரும்பி வாற ரயிலுக்கு ஒம்பதரைக்கு வெளிக்கிட வேணும். ராகுகாலம். பிந்தினதுக்கு மாத்தட்டோ?"

"விடு, மாத்தாதை" என்றேன்.