மாடில்லாத ஊரில் ஒரு கட்டளை

“எங்கட ஊரில மாடும் இல்லை, கழுதையும் இல்லை. பிறகு அந்தக் கட்டளை எங்களுக்கு என்னத்துக்கு?”

செபக் கூட்டத்தில் ஞானமலர் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பகைவனுடைய மாடோ கழுதையோ வழிதவறிப் போவதைக் கண்டால் பிடித்துக்கொண்டுபோய் அவனிடமே விடவேண்டும் என்று கடவுள் மோசேக்குச் சொன்ன பகுதியை அன்று வாசித்தது நான்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்ததால் வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். பதிலைப் பிறகு ஞானமலரே கண்டுபிடித்தார்.

ஞானமலர் கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடிப்பவர். கணவர் காய்ச்சலில் இறந்தபின் அவருடைய சிறிய வள்ளத்தை விற்காமல் தானே தொழிலுக்கு இறங்கியவர். இஞ்சின் கிடையாது. ஊன்றிப் போக ஒரு நீளக் கம்பு, ஒரு துடுப்பு, அவ்வளவுதான். கரையோரத்தில் வலை போட்டால் வீட்டுக் கறிக்குத்தான் காணும். பிழைக்க வேண்டுமென்றால் களப்புத் தண்ணீர் கடலுக்குள் பாய்கிற முகத்துவாரத்துக்குப் போகவேண்டும். ஆனால் அங்கே நினைத்தவர் வலை போட முடியாது. மீனவர் சங்கம்தான் ஆட்களை முறை வைத்து விடும். அந்த முறையில் தன்னையும் சேர்க்கச் சொல்லி ஞானமலர் கேட்டிருந்தார்.

குறுக்கே நின்றவர் சங்கத்து மீனவர்களில் ஒருவரான யாக்கோப்பு. “பொம்பிளை முகத்துவாரத்தில நிண்டா வள்ளம் நேரா கடலுக்குத்தான் போகும். பிறகு நாங்களெல்லோ தேடித் திரியோணும்” என்று போன வருடக் கூட்டத்தில் சொல்லி, கேட்டதைத் தட்டிவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஞானமலர் கரையில் காயப்போட்டிருந்த வலையை, வழியை மறிக்கிறது என்று இழுத்து முள்ளுப் பற்றைக்குள் எறிந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஞாயிறு பூசையில் ஒருவரையொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் யாக்கோப்பு பக்கத்துத் தூணைப் பார்த்துக் கும்பிடுவார். ஞானமலர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

இந்த வருடக் கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. ஞானமலர் மறுபடியும் முறை கேட்டிருந்தார். பெயர் கூப்பிடும்போது ஆள் களப்புக் கரையிலுள்ள சங்க மண்டபத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். ஞானமலர் இஸ்திரி போட்ட நீலச் சேலையை உடுத்துக்கொண்டு வள்ளத்தில் புறப்பட்டார். மாரி மழைக்குக் களப்பு நிறைந்து, நீரோட்டம் கடலைப் பார்த்து இழுத்தது. ஊர் ஆண்கள் எல்லோரும் கூட்டத்தில் இருந்ததால் தண்ணீரில் வேறு ஒருவரும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பச்சை வள்ளத்தைக் கண்டார். கட்டியிருந்த கட்டை பிடுங்கப்பட்டு, கயிறோடு பின்னால் இழுபட, ஆளில்லாமல் அது முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் வெள்ளைச் சிலுவை. யாக்கோப்பின் வள்ளம். கடலுக்குள் போனால் அலை அடித்து நொறுக்கிவிடும்.

“ஆண்டவரே, நீர் சொன்னது மாட்டை. இது வள்ளம்” என்று சொல்லிக்கொண்டே ஞானமலர் மண்டபத்தின் பக்கம் ஒரு ஊன்று ஊன்றினார்.

திரும்பிப் பார்த்தார்.

“அதுவும் அந்த மனுசன்ர வள்ளம்.” இன்னொரு ஊன்று.

பச்சை வள்ளம் மாட்டைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனது.

“சரி, சரி, விளங்குது!” என்று அவர் வள்ளத்தைத் திருப்பினார்.

ஓட்டம் அவரையும் வாரிக்கொண்டு போனது. முகத்துவாரத்துக் கிட்டத்தான் கயிறு கைக்கு எட்டியது. அதைத் தன் வள்ளத்தின் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, அலை உடையும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டு வள்ளங்களையும் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ள எவராலும் முடியாது. ஞானமலர் எதிர்க்கவில்லை. ஓட்டத்தோடு போய், கம்பால் சரித்துச் சரித்து, கடைசி மணல் திட்டில் வள்ளத்தை ஏற்றினார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டையும் கரையோரமாக இழுத்துக்கொண்டு நடந்தார். இஸ்திரி போட்ட சேலை சேறாகிவிட்டது. கூட்டம் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. கயிற்றை விடவில்லை.

மண்டபத்தில் சங்கத் தலைவர் செல்வராசா ஞானமலரின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.

“கூட்டத்துக்கே வந்து சேர ஏலாத ஆள் முகத்துவாரத்துக்கு எப்பிடி வாறது?” என்றார் யாக்கோப்பு. சிலர் சிரித்தார்கள்.

தலைவர் மூன்றாம் தரம் வாயைத் திறக்க, வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஞானமலர் நின்றார்.

“என்ன பிள்ளை, கடலுக்கையிருந்தோ வாறாய்?” என்று கேட்டார் செல்வராசா.

ஞானமலர் நேரே யாக்கோப்பின் கதிரைக்குப் போய்க் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்: “அண்ணை, உங்கட வள்ளம் கட்டையோட பிடுங்கிக்கொண்டு போட்டுது. கொண்டுவந்து என்ர வள்ளத்துக்குப் பக்கத்தில கட்டியிருக்கிறன். கூட்டம் முடியப் போய்ப் பாருங்கோ.”

பக்கத்தில் இருந்த மீனவர் அனிஸ்ரனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “என்னது? யாக்கோப்பண்ணையின்ர வள்ளம் கடலுக்குப் போனதோ? அதில எந்தப் பொம்பிளை நிண்டது?”

மண்டபமே அதிரும்படி சிரித்தார்கள். யாக்கோப்பு சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

“எங்க வச்சுப் பிடிச்சனீ?”

“முகத்துவாரத்தில.”

“தனியவோ?”

“ஓம். ஓட்டத்தோட போய்க் கடைசித் திட்டில ஏத்தினனான்.”

அன்றைய ஓட்டத்தில் அது என்ன வேலை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றது.

“சம்மதிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ” என்றார் செல்வராசா. கைகள் எழுந்தன. கடைசியாக யாக்கோப்பின் கையும் எழுந்தது.

“நான் சொன்னது பிழை” என்றார். கையை இறக்காமலே, “ஆனா இவாவின்ர வலை என்ர வலைக்குக் கிட்ட வரக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றும் சேர்த்தார்.

“உங்கட கையும் என்ர வலைக்குக் கிட்ட வரக்கூடாது. பிறகு முள்ளுப் பற்றைக்குள்ள போய் எடுக்க ஏலாது” என்றார் ஞானமலர். இந்தத் தரம் யாக்கோப்பும் சிரித்துவிட்டார்.

மறுநாள் பூசையில் தூணுக்குக் கும்பிடு கிடைக்கவில்லை. யாக்கோப்பு திரும்பி நின்று கும்பிட்டார். ஞானமலர் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே கும்பிட்டார். தன் முறை வந்த முதல் நாள், விடியும்போதே முகத்துவாரத்தில் நின்றார். வலையைத் தூக்கியபோது வள்ளம் நிறைய இறால் துள்ளியது. கரையில் நின்ற பெண்கள் கைதட்டியது எங்கள் வீடுவரை கேட்டது.

உங்கள் ஊர்ச் செபக் கூட்டத்திலும் யாராவது சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்கக்கூடும். என்னைப் போல விழிக்காதீர்கள். ஞானமலரின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.