கேட்டது மீன் வண்டி

நான் செய்து வைத்த ஒரு காரியத்தைச் சில பெண்கள் எப்படித் தோற்கடித்தார்கள் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் கோவளத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் இருக்கும் மீன்காரப் பெண்கள். என் நீண்ட வாழ்க்கையில் நான் தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். அதற்காக என் தவறு சின்னதாகிவிடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்று, கிழக்குத் தாம்பரத்தில் வீட்டோடு இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடையைச் சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக ஓர் அறக்கட்டளை சேலையூரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தது. என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று குழுக்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பத்தில் யார் ஆங்கிலம் எழுதுவார்கள்? ஆகவே எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. நான் படி ஏறும்போதே “சார் வந்துட்டாரு” என்று உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அலை எல்லார் வீட்டிலும் புகுந்தது. பின்னால் வந்த உதவி எல்லார் வீட்டிலும் புகவில்லை. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகும் ஆண் ஊருக்கு வரி கட்டுவான். வரி கட்டுகிறவன் வீடுதான் ஊர்க் கணக்கில் வீடு. வெளியிலிருந்து படகு வந்தாலும் வலை வந்தாலும் அரிசி வந்தாலும் ஊர்க்கூட்டத்தில் வைத்து, வரி கட்டும் வீடுகளுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். அதில் ஒரு பிடி அரிசி கூடக் குறைய இருக்காது. ஆனால் புருஷன் இல்லாத பெண்ணிடம் ஊர் வரி வாங்குவதில்லை. வரி இல்லாததால் பங்கும் இல்லை. அவளுடைய கூடையும் தராசும் கடலோடு போனதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படிப்பட்ட பெண்கள் ஒரு கும்பலாகச் சேர்ந்து மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் நல்ல உயரம், கணீரென்ற குரல். மற்றவர்கள் அவளை அக்கா என்றார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

“இன்னா சார், நீதான் இங்கிலீஷ் எழுதறவரா?”

ஆமாம் என்றேன்.

“எங்களுக்கு ஒரு வண்டி ஓணும். சின்ன வண்டி. பின்னாடி ஐஸ் பொட்டி. அவ்ளோதான்.”

“வண்டி எதற்கு அம்மா?”

“ஊர்கோலம் போறதுக்கா கேப்பாங்க? மீன் ஏத்திக்கினு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு. கூடைய பாத்தாலே பஸ்ல கண்டக்டர் ஏத்த மாட்டேங்கறான். ஷேர் ஆட்டோக்காரன் எனக்கு ஒரு சீட்டு, கூடைக்கு ரெண்டு சீட்டுன்னு துட்டு புடுங்கறான். கேளம்பாக்கத்துல மாறி, வண்டலூர்ல மாறி, தாம்பரம் வர்றதுக்குள்ள மீனும் பாதி செத்துடுது, நானும் பாதி செத்துடறேன்.”

“மீனு ஏற்கெனவே செத்ததுதானேக்கா” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

“நீ வாய மூடு. சார் எழுதிக்கினு கீறாரு.”

கேளம்பாக்கத்தில் ஐஸ் கட்டி உடைத்து விற்கும் பாய் ஒருவர் வண்டியை ஓட்டவும், ஐஸை முதலில் கடனுக்குப் போடவும் ஒத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவர்களே யோசித்து முடித்திருந்தார்கள். என் வேலை அதை ஆங்கிலத்தில் எழுதுவது மட்டும்தான்.

நான் வண்டி என்று எழுதவில்லை. தையல் இயந்திரம் என்று எழுதினேன்.

அறக்கட்டளைக்கு வண்டி என்றால் பிடிக்காது என்பது உண்மை. யாருக்கோ கொடுத்த வண்டி வேறு யாரோ வீட்டு வாசலில் போய் நின்றுவிட்ட அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லி நான் தப்பித்துவிடலாம். உண்மையான காரணம் வேறு. நான் மீன் சாப்பிடாத வீட்டில் பிறந்தவன். தலையில் கூடை சுமந்து, புடவையெல்லாம் மீன் தண்ணீர் வடிய நடப்பது கேவலம் என்றும், நிழலில் உட்கார்ந்து ரவிக்கை தைப்பது கௌரவம் என்றும் அவர்களுக்காக நானே முடிவு செய்தேன். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கௌரவத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அதை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

“வண்டின்னு எழுதிட்டியா சார்?” என்று அக்கா கேட்டாள்.

“எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்துப் போடுங்க” என்றேன். போட்டார்கள். கைநாட்டு வைத்தவர்கள் விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கிப் போனார்கள்.

பணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பொருள் வரும் நாளை அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். என்ன பொருள் என்று சொல்லவில்லை. நானும் போயிருந்தேன். குப்பத்தின் முனையில் பெண்கள் தலை நிறையப் பூ வைத்து நின்றிருந்தார்கள். குங்குமம், சூடம், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு வந்திருந்தார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மூன்று சக்கர டெம்போ ஒன்று வந்து நின்றது. பெண்கள் குலவை இட்டார்கள். ஒருத்தி ஓடிப் போய்ச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். இன்னொருத்தி கண்ணாடியில் பொட்டு வைத்தாள்.

“யம்மா, இது என் வண்டிம்மா!” என்று டிரைவர் கத்தினான். “நான் சாமான் இறக்க வந்தவன். தாம்பரத்துல சவாரி கீது, வுடுங்க.”

பின்பக்கக் கதவு திறந்தது. அட்டைப் பெட்டிகளில் தையல் இயந்திரங்கள்.

பாயின் ஐஸ் கட்டி சாக்குக்குள் உருகி மணலில் வழிந்துகொண்டிருந்தது. அக்கா என்னிடம் வந்தாள்.

“இன்னா சார் இது? மீன இதுல வெச்சி தைக்கணுமா?”

“அறக்கட்டளைக் கமிட்டியில் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது” என்றேன்.

நான் சொன்ன பொய்களில் இதுதான் மோசமானது. அதைவிட மோசம், அவள் அதை நம்பினாள். பிறகு எப்போது தாம்பரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தாலும், “கமிட்டில பேசிப் பாரு சார், எங்க பக்கம் நீ ஒருத்தன்தான் கீற” என்பாள். மீன் கூடை அவள் காலடியில் வாடிக்கொண்டிருக்கும். நான் தலையாட்டிவிட்டுக் கீரை வாங்கப் போவேன்.

இயந்திரங்களை அவர்கள் தொடவேயில்லை. அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் அறக்கட்டளைக்கு வந்து, பொருள் ஊருக்குள் வந்துவிட்டதால் வழக்கப்படி வரி கட்டும் வீடுகளுக்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்டார். பிரித்தால் இந்தப் பெண்களில் ஒருத்திக்கும் ஒன்றும் வராது. அறக்கட்டளையிலோ, கொடுத்த பொருளைப் பயன்படுத்தாத குழுவுக்கு, அதன் பேரில் ஒதுக்கிய பணத்தில் மிச்சத் தொகை கிடையாது என்று விதி. வண்டி வாங்க ஏதாவது வழி இருந்தால் அது அந்த மிச்சத் தொகையில்தான் இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் அறக்கட்டளையின் தலைவி. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வளவளவென்று பேசமாட்டார். “மெஷின் கேட்டீங்க, குடுத்தோம். அப்புறம் ஏன் யாருமே யூஸ் பண்ணல?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள். அவள் சண்டை போடப் போவது ஒரு தவறும் செய்யாத அந்த அம்மாளோடு. நான் எழுந்துவிட்டேன்.

“அவர்கள் மெஷின் கேட்கவில்லை. வண்டி கேட்டார்கள். மாற்றி எழுதியது நான். கமிட்டிதான் மாற்றியது என்று அவர்களிடம் பொய் சொன்னதும் நான்.”

“அடப்பாவி சார்!” என்றாள் அக்கா. பிறகு தலைவியின் பக்கம் திரும்பினாள். “யம்மா, மன்னிச்சுக்கோம்மா. இவ்ளோ நாளா உன்னயதான் திட்டிக்கினு இருந்தேன். காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா.”

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். என்னைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?” என்றார். அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது.

ஊர்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். “சார் பண்ணது சாரோட. மெஷின் ஊருக்குள்ள வந்துட்டுது. வந்தத வரிப்படிதான் பிரிக்கணும். வரி கட்டாதவங்களுக்குப் பங்கு இல்ல.”

அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவினாள். நோட்டை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். “இந்தா வரி. எடு.”

பெரியவர் கையை நீட்டவில்லை. எடுத்தால் அவள் வீடு ஊர்க் கணக்கில் வீடாகிவிடும். இனிமேல் எது வந்தாலும் அவளுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும்.

“எடு மாமா. சுடாது. எங்க அம்மாவும் ஊருக்கு மீன் வித்து சோறு போட்டவதான். உனுக்கும் போட்டிருக்கா.”

மற்ற பெண்களும் முந்தானை முடிச்சுகளை அவிழ்த்துப் பணத்தை மேசையில் வைத்தார்கள். பெரியவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “ஊர்க்கூட்டத்துல பேசணும்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

அதுவரை ஓரத்தில் நின்றிருந்த பாய் வாயைத் திறந்தார். “மேடம், மெஷினுக்கு ஆள் இருக்கு. கோவளத்துல எங்க தெருவுலயே இருக்காங்க. எல்லாம் துணி தைக்கிற பொம்பளைங்க. உப்புத் தண்ணி பூந்து மெஷின் அத்தனையும் துரு. நிவாரணம் கேட்டா, நீங்க மீனவர் இல்லையேன்னு அனுப்பிட்டாங்க. தண்ணி வரும்போது, நீ மீனவனான்னு எங்ககிட்ட கேட்டுட்டா வந்துது?”

அந்தத் தெருவிலிருந்து விண்ணப்பமே வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தவர்களுக்கு எழுதித் தந்தேன். வராதவர்களை நான் நினைத்ததே இல்லை.

“அப்போ அவங்க மெஷின எடுத்துக்கட்டும், எங்களுக்கு வண்டிய குடு” என்றாள் அக்கா.

“வண்டி எங்க பாலிசிலயே இல்லம்மா.”

“ஐஸ் பொட்டின்னு எழுதிக்கோம்மா. அடில சக்கரம் இருந்தா உனுக்கு இன்னா?”

இம்முறை தலைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் அப்படி எழுத அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்து எழுதிய கதை ஒன்று போதும் என்றார். குப்பத்துப் பெண்களும் கோவளத்துத் தையல்காரப் பெண்களும் ஒரே குழுவாகச் சேர்ந்து, வண்டி என்றே எழுதிக் கேட்கட்டும் என்றார்; கமிட்டியில் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். வண்டி குழுவின் பேரில் இருக்க வேண்டும், தைத்த துணியும் அதே வண்டியில் தாம்பரம் வர வேண்டும். பிறகு என்னிடம், “நீங்கதான் எழுதறீங்க. தமிழ்ல எழுதுங்க. எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்து வாங்குங்க” என்றார். என்னைப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தேன். இது அதைவிடக் கடினமான தண்டனை, அதைவிடப் பெரிய மரியாதையும் கூட.

பாய் வீட்டு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து வாசித்தேன். ஒரு வரி முடிவதற்குள் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். தையல்காரப் பெண்கள் அடக்கமானவர்கள் என்று நினைத்திருந்தேன். ஐஸ் பெட்டி வண்டியில் துணி ஏற்றினால் மீன் வாசனை ஏறுமே, தடுப்புப் போடு என்று அவர்கள் போட்ட சண்டையில் அக்காவே அசந்துவிட்டாள். பழக்கதோஷத்தில் கௌரவம் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன்.

“அது இன்னாத்துக்கு சார் அங்க?” என்றாள் அக்கா. “எடுத்துடு.”

அந்தச் சொல்லை அடித்தேன்.

கமிட்டியில் தலைவி சண்டை போட்டு வண்டியை வாங்கித் தந்தார்; மெஷின்கள் கோவளத்துத் தெருவுக்குப் போயின. அதற்குள் குப்பத்தில் ஊர்க்கூட்டம் கூடியிருந்தது. இரண்டு இரவு கத்தினார்களாம். கடைசியில், தங்கள் அம்மாக்களும் அக்கா தங்கைகளும் கட்டும் வரியை வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று இளவட்டங்களே எழுந்து கேட்டிருக்கிறார்கள். பெரியவர் வீடு வீடாக வந்து அந்தப் பெண்களிடம் வரி வாங்கினார்.

வண்டி முதன்முதலாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்த காலை நான் அங்கே போய் நின்றேன். பாய் ஹாரனை அடித்தபடியே சந்துக்குள் நுழைத்தார். பின்னால் பெண்கள் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் துணி மூட்டைகள். அதைத் தொட்டால் உதைப்பேன் என்று ஒரு தையல்காரப் பெண் காவல் இருந்தாள். பெட்டி திறந்ததும் வஞ்சிரமும் சங்கராவும் அப்போதுதான் கரைக்கு வந்தவை போலப் பளபளத்தன. மற்ற மீன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுத்த அத்தனை மாதங்களையும் என்னால் திருப்பித் தர முடியாது. இன்றும் அது என்னை உறுத்துகிறது. அன்று காலை மட்டும் அது எனக்கு நினைவில்லை.

“யோவ் சார்! இன்னா வேடிக்கை பாத்துகினு நிக்கற?” என்று அக்கா கத்தினாள். “இவருதான்டி நமக்கு மெஷின் அனுப்பின சாரு. வா, அந்தப் பக்கம் பிடி.”

மார்க்கெட்டே சிரித்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். நல்ல கனம். இறக்கி வைப்பதற்குள் வேட்டியெல்லாம் மீன் தண்ணீர். அதற்குள் சுற்றிலும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா விலை சொல்ல ஆரம்பித்திருந்தாள்.