முருங்கைக்குப் பின்னால் வெட்டிய குழி

இதை எழுதுவோமா, விடுவோமா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. அயலவர் மனம் நோகுமோ என்ற பயமும் இருந்தது. வைரவர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

கொக்குவிலில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் ஒரே கிணறு. கிணறு அவர்களுடைய காணிக்குள் இருக்கிறது; தண்ணீரில் எங்களுக்கும் பங்கு என்று காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். வெள்ளி பின்னேரங்களில் எங்கள் வளவு மூலையில் இருக்கும் வைரவருக்கு அபிஷேகம் செய்வதும் அதில்தான்.

பக்கத்து வளவுக்காரர் இளம் வயதிலேயே கனடாவுக்குப் போனவர். பழைய வீட்டை இடித்துவிட்டு, ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டத் தொடங்கினார். அவர் வரவில்லை, அவருடைய போன்தான் வந்தது. எனக்கு அது பெரிய புதினம், அதிசயம். மேசன் மலையகத்தவர், மாபிள் இந்தியாவிலிருந்து வந்தது, கட்டடப் படம் கீறியவர் கொழும்பில், காணிக்குச் சொந்தக்காரர் ரொறன்ரோவில். ஆளுக்காள் முகம் பாராமல் ஒரு கட்டடம் எப்படி எழும்புகிறது? நாள்தோறும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன்.

"இஞ்சாருங்கோ," என்பாள் மனைவி. "வைரவர் காவல் நிக்கிறது போதாதெண்டு நீங்களும் நிக்கிறியளோ?"

ஒரு வெள்ளி பின்னேரம் அபிஷேகத்துக்குத் தண்ணீர் அள்ளப் போனவன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக் கல். குழிக்குள் விடுவது கல்லிடுக்கால் வடிந்து கிணற்றுக்கு வந்துவிடும். பிறகு குடிக்கவும் ஏலாது, சுவாமிக்கு வார்க்கவும் ஏலாது.

"நானும் போன்ல கேட்டேங்க," என்றார் மேசன். "முருங்கைக்குப் பின்னாலதானேன்னு ரெண்டு தடவை கேட்டேன். ஓம் ஓம்னுட்டாரு. நீங்களே பாருங்க, முருங்கை நிக்குதா இல்லையா?"

நின்றது. குழியும் அதற்குப் பின்னால்தான், அவரிலும் பிழையில்லை. அவருடைய போனிலேயே ரொறன்ரோவுக்கு எடுத்தோம். அங்கே விடிகாலை, வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்தார்.

"தம்பி, குழி கிணத்தடியிலை வெட்டுப்படுது."

"இல்லை அண்ணை, முருங்கைக்குப் பின்னாலை எல்லோ சொன்னனான். அது வடக்கு மூலையிலை."

"வடக்கு மூலையிலை நிண்டது காத்துக்கு விழுந்து கனகாலம்."

மேசன் வீடியோ போட்டு, போனைத் திருப்பிக் கிணற்றடி முருங்கையைக் காட்டினார்.

"உது எப்ப அண்ணை கிணத்தடிக்கு நடந்து போனது?"

சத்தம் கேட்டு வந்திருந்த மனைவி பின்னால் நின்று சொன்னாள்: "நடக்கேல்லைத் தம்பி. விழுந்த மரத்திலை ஒரு கொப்பு வெட்டி நான்தான் நட்டனான். காய்க்கு ஆசைப்பட்டு."

மேசன் சிரித்துவிட்டார். போனிலும் சிரிப்புக் கேட்டது, பிறகு குரல் தளர்ந்தது. "நான் இஞ்சை இருந்து ஒவ்வொரு நாளும் அந்த வளவுக்குள்ளை நடக்கிறனான், அண்ணை. என்ரை வளவிலை அந்த மரம் இன்னும் மூலையிலைதான் நிக்குது."

வடக்கு மூலைதான் கிணற்றுக்கு நல்ல தூரம். ஆனால் வருகிறவர்கள் வாகனம் விட அங்கேதான் இடம் போட்டிருந்தார்கள். அதை மேசன் நினைவூட்டினார்.

"வாகனம் ரோட்டிலை நிக்கட்டும்," என்றார் போனில் இருந்தவர். "அது நான் குடிச்சு வளந்த தண்ணி. உந்தக் குழியை மூடுங்கோ."

அன்றைக்கு அபிஷேகம் பிந்தித்தான் நடந்தது. இன்று அந்த அறைகளில் யார் யாரோ வந்து தங்குகிறார்கள். என்ன பாஷையென்றே எனக்குத் தெரியாத பிள்ளைகள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூவி, எதிரொலி கேட்டுத் துள்ளுகின்றன. ஊரில் இல்லாதவர்களின் ஞாபகத்தின் மேல் எங்கள் பட்டினம் வளர்கிறது. இருக்கிறவர்கள் மரம் எங்கே நிற்கிறதென்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் கதை எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவைத் தாண்டியதும் வேறாகிவிட்டது. நாங்கள் மதிலுக்கு மேலால் சண்டை பிடித்ததாகச் சொன்னார்கள். லண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரி, வைரவர் கனவில் வந்து குழியைக் காட்டினாராமே என்று கேட்டாள். கனவில் வரவில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீர் அள்ள என்னை அனுப்பினார். எனக்கு அது போதும்.

ஒரு முருங்கை நின்ற இடமே கடல் கடந்தால் பிழையாகிப்போகிறது. ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் கனவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மரம் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.