தினமும் காதுகுத்து நடந்த வீடு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஏலக்காய் ஏலம் நடக்கிற கூடத்தில் வியாபாரிகள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டுப் போகும் மாதிரிக் காய்களைக் கூட்டி அள்ளி, புடைத்து, டீக்கடைகளுக்கு விற்றுத்தான் தொழிலுக்கு வந்தேன். இன்று போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் உலர்த்த சொந்தமாக ஸ்டோர் இருக்கிறது. வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற ஜீப்புகளில் எத்தனை என்னுடையவை என்று போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டவுனில் மூன்று மாடி வைத்து வீடு கட்டினேன். அந்த மூன்று மாடிக்கும் இப்போது குடியிருப்பவன் நான் ஒருவன்தான்.

மனைவி போய்ச் சேர்ந்த மறு வருடம், வெளிநாட்டில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஊருக்கு வந்திருந்தாள். ஒரே பிள்ளை. கிளம்புவதற்கு முந்தின நாள் என் போனை வாங்கி, தொழில் செய்கிறவர்களும் உத்தியோகத்தில் இருக்கிறவர்களும் சேர்ந்திருக்கிற ஒரு தளத்தில் எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள்.

“ஏலக்காய் வாங்குறவங்க எல்லாம் இதுல இருக்காங்கப்பா. அப்பப்ப ஏதாவது போடுங்க. நானும் இதுலதான் இருக்கேன், பாத்துக்கிட்டே இருப்பேன்” என்றாள்.

ஏலக்காய் வாங்குகிறவன் என்னைத் தேடி வருவான், நான் அவனைத் தேடிப் போவதில்லை. ஆனாலும் அவள் கடைசியாகச் சொன்னதுதான் மனதில் நின்றது. விமானம் ஏறி அவள் ஊர் போய்ச் சேரும் முன்பே முதல் பதிவைப் போட்டுவிட்டேன்.

எழுதத் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்கிறது. காலையில் டவுனில் இருக்கிற என் ஏலக்காய்க் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்தவுடன் ஒரு பதிவு. நான் மூட்டை சுமந்தது, முதல் ஜீப்பு வாங்கியது, ஒரு மழையில் செடியெல்லாம் அழுகியும் எழுந்து நின்றது, குரங்கணிப் பாதையில் காப்பி மூட்டையைத் தலையில் வைத்து இறக்கியது. சொல்வதற்கு என்னிடம் சரக்கா இல்லை? ஒவ்வொரு பதிவுக்கும் முதல் லைக் என் மகளுடையது. எனக்குக் காலை என்றால் அவளுக்குத் தூங்கப் போகிற நேரம். அவள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் இட்லிக்கு உட்காருவேன்.

கொஞ்ச நாளில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாழ்த்து எழுத ஆரம்பித்தார்கள். அங்கேதான் எனக்கு வேலை கூடிப் போனது. எங்கள் பக்கம் செய்முறை என்று ஒன்று உண்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் வந்து மொய் செய்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய்த் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். போகாவிட்டால் அது பேச்சாகிவிடும். நான் யாருக்கும் செய்முறை பாக்கி வைத்தவன் இல்லை. என் பதிவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவர் பக்கமாகப் போய், அவர்கள் போட்டதற்குக் கீழே நானும் வாழ்த்து எழுதிவிட்டு வந்தேன். சாப்பிட்டீர்களா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றும் கேட்டேன். பாதிப் பதிவுகள் இங்கிலீஷில் இருக்கும். படிக்க வராது. ஆனால் விசேஷ வீடு எது என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாமே. கோட்டுப் போட்ட படம், சிரித்த முகம், கீழே ஏகப்பட்ட கூட்டம். அது போதும்.

அப்படித்தான் ஒரு படம் வந்தது. என் மகள் கம்பெனியில் வேலை செய்கிறவர், என் பதிவுகளுக்கு ரெண்டு மூன்று தடவை வந்து போனவர். ஆபீஸ் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கல்யாண மண்டபம் போலக் கூட்டம். நானும் மனதார வாழ்த்தினேன். மறுநாள் மகளிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, என்னப்பா எழுதி வச்சிருக்கீங்க அவருக்கு?”

“வாழ்த்துதான் ஆத்தா. ஒன் ஆபீஸ்காரராச்சே. நாம தலையக் காட்டலைன்னா நல்லாவா இருக்கும்?”

“அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்கப்பா. அதைத்தான் எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ போயி, ‘இதுபோல இன்னும் பல நடக்கணும்’னு போட்டிருக்கீங்க.”

“சிரிச்சுக்கிட்டுல்ல நிக்கிறாரு மனுசன்?”

‘அப்பா...’ என்று இழுத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவள் அம்மா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் குரல் மாறியது.

“தினமும் போடாதீங்கப்பா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டுமே. நான் தினமும் கடை தொறக்கலையா?”

“கடை வேற, இது வேற. நம்ம தெருவுல ஒருத்தர் தினமும் காதுகுத்து வச்சுக் கூப்பிட்டா நீங்க போவீங்களா?”

“மொத நாள் போவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்தாளு எதிர்ல வந்தாலே சந்துக்குள்ள திரும்பிருவேன்.”

“அதேதாம்ப்பா. வாரத்துக்கு ஒண்ணு போதும்.”

எனக்குப் புத்தி சொல்லி ஜெயித்தவர்கள் குறைவு. அன்று அவள் ஜெயித்தாள். வாரத்துக்கு ஒன்று என்று நிறுத்திக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒன்று என்றால் அந்த ஒன்று நன்றாக இருக்க வேண்டாமா? செடியில் காய் எடுக்கிற பெண்கள் விரல் பட்டவுடன் முற்றின காயை மட்டும் கிள்ளுவார்கள், இளசை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் பொறுக்கினேன். வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் போட்டேன். கூட்டம் முன்னைவிடக் கூடத்தான் செய்தது. ஆனால் லைக் போட்டவர்கள் பெயரை மேலிருந்து கீழ்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தால் என் மகள் பெயர் இல்லை. வேலை அதிகமாயிருக்கும் என்று விட்டேன். அடுத்த வெள்ளியும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை.

ஒரு வாரம் அவள் அம்மாவைப் பற்றிப் போட்டேன். ஸ்டோரிலிருந்து இறக்கிய காயை ஒரு கை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவாள். உள்ளே விதை கலகலவென்று ஆடினால்தான் மூட்டை பிடிக்க விடுவாள். ஆடாவிட்டால் திரும்பவும் உள்ளே தள்ளச் சொல்லுவாள், நானே வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள். அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது குரல் தடுமாறியதால் போன் தப்புத் தப்பாக எழுதியது, மறுபடி மறுபடி சொன்னேன். எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் வந்து கண்ணீர் விட்டுவிட்டுப் போனார்கள். பெற்ற மகள் வரவில்லை.

எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகத்துக்கு வந்தது. என்னைப் பார்த்து அவள் திரும்பிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தினேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். நான் போடாமல் இருந்தால் அவளுக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்றுதான். ஒரு வெள்ளி போனது. இன்னொரு வெள்ளியும் போனது. மலையில் சாரல் பிடித்துக்கொண்டது, நான் வீட்டில் ஒரு மாடியில் விளக்கைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் இருட்டாக விட்டிருந்தேன். ‘உங்களைக் காணோம், உங்கள் நண்பர்களுடன் எதையாவது பகிருங்கள்’ என்று அந்தத் தளமே எனக்குச் செய்தி அனுப்பியது. மிஷினுக்குத் தெரிந்துவிட்டது, மகளுக்குத் தெரியவில்லை.

மனிதர்களில் முதலில் கேட்டு வந்தவர் எதிர்க்கடைக்காரர். நானும் அவரும் ஒரே காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். ஏலத்தில் ஒரு லாட் காய்க்கு நான் விலை கேட்டால் அவர் ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்பார், நான் கேட்டேன் என்பதற்காகவே கேட்பார். ரத்த உறவு எதுவும் இல்லாவிட்டாலும் மாமா மாப்ளே என்றுதான் பழக்கம். ஒருநாள் மத்தியானம் ரோட்டைத் தாண்டி வந்து கடை வாசலில் நின்றார்.

“என்ன மாப்ளே, உசுரோடதான் இருக்கியா?”

“ஏன் மாமா, தூக்கிப் போட ஆள் கூட்டியாந்தீகளா?”

“தம்பட்டச் சத்தத்தையே காணோமேடா. மேலுக்கு முடியலையோன்னு பாக்க வந்தேன்.”

“நீங்க அதையெல்லாம் பாக்குறீகளா? ஒருநாளும் ஒரு லைக் போட்டதில்லையே.”

“போட்டா ஒனக்குத் தலை வீங்கிரும். ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். அந்தத் தரையில கூட்டி அள்ளுன கதையில ஒரு விசயத்த மறைச்சிட்ட. தொடப்பம் என்னோடது.”

துடைப்பம் அவருடையதுதான். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு எனக்கு ஒரு தெம்பு வந்தது. இந்த மனிதர் ஒரு அடையாளமும் வைக்காமல் எல்லாவற்றையும் படித்திருக்கிறார். அப்படியானால் மகளும் படித்திருக்கலாம் அல்லவா? மறுநாள் காலை தோட்டத்துக்குக் கிளம்பினேன். போடிமெட்டு ஏறியதும் ஜீப்பை ஓரங்கட்டி, சிக்னல் இருக்கிற வளைவில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

“பதிவு போடுறத நிறுத்திட்டேன் ஆத்தா” என்றேன்.

“எந்தப் பதிவுப்பா?”

“அதான், நீ ஆரம்பிச்சுக் குடுத்தியே.”

“ஓ, அதா. நான் அந்த ஆப்பையே போன்லருந்து எடுத்துட்டேம்ப்பா. அந்த வேலை போனவரு விசயம் நடந்துச்சுல்ல, அப்பவே. எல்லாரும் அதைப் பத்தியே கேட்டாங்க, ஒரே எரிச்சலா இருந்துச்சு.”

எனக்குப் பக்கத்தில் ஒரு ஜீப்பு நிறைய ஆட்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு ஏறிப் போனார்கள். அது வளைவைத் தாண்டியதும் கேட்டேன்.

“அப்ப அம்மாவப் பத்திப் போட்டது?”

“அம்மாவப் பத்தியா? என்னப்பா போட்டீங்க?”

சொன்னேன். காதருகே குலுக்குவதைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எங்கிட்டச் சொல்லணும்னா எனக்குப் போன் பண்ணுங்கப்பா. ஊருக்கெல்லாம் ஏன் சொல்றீங்க?”

“எத்தன நாளைக்கு ஒருக்காப் பண்ணலாம் ஆத்தா?”

“என்னப்பா கேள்வி இது?”

“இல்ல, கேட்டு வச்சுக்கிட்டா நல்லதுல்ல.”

‘எப்ப வேணா பண்ணுங்க’ என்று சொல்லுவாள் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள். அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது.

“ஞாயித்துக்கிழமை. எனக்குக் காலையில, உங்களுக்குச் சாயங்காலம்” என்றாள்.

அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். வாரத்தில் நடக்கிறதையெல்லாம் சேர்த்து வைக்கிறேன். தேவாரம் ஊர்ப் பக்கம் ஆனை இறங்கித் தென்னையைச் சாய்த்தது, ஸ்டோருக்குப் புது மிஷின் வந்தது, எதிர்க்கடைக்காரர் வழுக்கி விழுந்து எழுந்து, நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்த்தது. அவள் லைனில் வந்ததும் பாதி மறந்துவிடுகிறது. சாப்பிட்டாயா என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிகிற வாரமும் உண்டு. ஆனாலும் அன்று இருவரும் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது.

போன ஞாயிறு கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை அழைக்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். தினமும் காதுகுத்து வைக்கிறவனாக ஆக எனக்கு இஷ்டமில்லை. கொஞ்ச நேரத்தில், வெளியே இருக்கிறேன், அடுத்த வாரம் பேசலாம் என்று செய்தி வந்தது. சரி ஆத்தா என்று வாயால் சொன்னேன், போன் எழுதி அனுப்பியது.

எதிரே மலையில் வேலை முடிந்து வருகிற ஜீப்புகளின் வெளிச்சம் வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக வருவது என்னுடையது. அது வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, டிரைவரிடம் சாவியை வாங்கக் கீழே இறங்கினேன்.