ஒன்பது நிமிடக் கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டரை நானே கழற்றி நானே புதுக் கேபினெட்டில் மாட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாட்டிய பிறகு அது ஐந்து நாள் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லவும் வெட்கமில்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் வெட்கப்பட்டேன். அதையும் சொல்கிறேன்.

கொரட்டூரில் ஏரிப் பக்கம் எங்கள் ஃப்ளாட். தரைத்தளம். போன மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். குழந்தையைத் தூக்க என் கணவர் இருந்தார், கம்ப்யூட்டரைத் தூக்க நான்தான் இருந்தேன். கட்டில் மேல் ஏற்றுவதற்குள் பெட்டியின் அடித்தகடு நனைந்துவிட்டது. துருப்பிடித்து, ஒரு பக்கம் வாயைப் பிளந்து, பவர் பட்டனும் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, அதால் குத்தித்தான் ஆன் செய்வேன். ஆனால் உள்ளே இருந்த பாகங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குத்தினால் நாற்பது விநாடியில் எழுந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் வாங்கியது அது. அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சர்வர் சப்போர்ட் வேலை. எந்த ஊரிலோ எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற சர்வர்களை இங்கிருந்தே எழுப்பிவிட வேண்டும். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டேன். ஒரு வருஷம் என்று சொல்லித்தான் விட்டேன். குழந்தை நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும் என்று தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஓடிவிட்டது. ரெஸ்யூமேயில் அதற்குப் பெயர் ‘கேப்’. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு வருஷமும் நான் என்ன மல்லாந்து படுத்துக் கிடந்தேனா?

நாற்பது இடத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டிருப்பேன். கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அதே சர்வர் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆன்லைன் தேர்வு, அது முடிந்ததும் நேர்முகம். சொந்தக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். தேர்வு மென்பொருள் முதலில் மெஷினைத் தானே அணைத்து, தானே மறுபடி ஆன் செய்யும். ஐந்து நிமிடத்துக்குள் நாம் திரும்பி வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஆப்சென்ட். மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

மேஜையைக் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். வாயைப் பிளந்த துருப்பெட்டியையும் ஈர்க்குச்சியையும் காட்டி சர்வர் வேலை கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய்ப் புதுக் கேபினெட், அதாவது வெறும் வெளிப்பெட்டி மட்டும், வாங்கி வந்தேன்.

“கடையிலயே குடுத்தா மாட்டிக் குடுத்துடுவாங்கல்ல? நீ ஏன் இழுத்துப் போட்டுக்கிற? உனக்குத்தான் டச் விட்டுப் போச்சே” என்றார் கணவர்.

அவர் திருச்சிக்காரர். ஐ.டி.யில்தான் இருக்கிறார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் இந்த ‘டச் விட்டுப் போச்சு’ என்பதை உப்பு காரம் சரியாக இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஆபீசுக்கும் குழந்தை பள்ளிக்கும் போனதும் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் புதுப் பெட்டிக்குள் போயிற்று. ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் பொட்டில்லாத இரும்பைப் பார்க்க முடியாது. சைக்கிள், தையல் மிஷின், மிக்சி, தண்ணீர் மோட்டார் எதையும் விடமாட்டார்கள். புதுப் பெட்டிக்கும் முகத்தில் சந்தனம், குங்குமம் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் வழிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். ஆன் செய்தேன்.

கறுப்புத் திரை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு எழுந்தது. எழுந்ததற்கு அப்புறம் பழையபடியே நன்றாக ஓடியது. அணைத்துவிட்டு போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து மறுபடி பார்த்தேன். ஒன்பது நிமிடம் சொச்சம். மூன்றாம் முறையும் அதே ஒன்பது.

ஐந்து நிமிடத்தில் எழ வேண்டியது ஒன்பது நிமிடத்தில் எழுந்தால் எனக்கு ஒரு வருஷம் போயிற்று.

சனிக்கிழமை ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைக் குழந்தையின் அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். அந்தக் காலத்தில் பாதி மெஷின் இதற்கே எழுந்துவிடும். ஒன்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க் கேபிளை மாற்றினேன், சொருகும் இடத்தை மாற்றினேன், அந்த வட்டச் சில்லு பேட்டரியைப் புதிதாகப் போட்டேன். ஒன்பது நிமிடம். செய்ததையெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு” என்றார். கிண்டல்தான். ஆனால் எல்லா நாளும் எல்லாக் கிண்டலும் கிண்டலாக இருப்பதில்லை. அன்றைக்கு நான் சாம்பாரை அவர் தட்டில் ஊற்றிய விதத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

திங்கட்கிழமை பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கேபினெட் வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் ஆன் செய்தார், பீடா மென்றபடி ஒன்பது நிமிடம் காத்திருந்தார், தீர்ப்பு சொன்னார்.

“போர்டு பூட்ச்சு மேடம். புச்சு போட்டுக்கோ.”

“திறந்துகூடப் பாக்கலியே நீங்க?”

“தெறந்து பாக்க இன்னா கீது? இத்தினி வருசம் ஓட்ச்சே, அத்தோட ஆயுசு அவ்ளோதான். நான் பாக்காத போர்டா?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ராத்திரி கணவர் தன்மையாகத்தான் சொன்னார். “ஆபீஸ் லேப்டாப்பக் குடுப்பேன். ஆனா அதுல வேற சாஃப்ட்வேர் ஏத்த விடமாட்டாங்க. விடும்மா. தேதிய மாத்தச் சொல்லி மெயில் போடு. இல்லாட்டி அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பழசாகிப் போனத எவ்வளவு நாள் தட்டிக் கொட்டிக்கிட்டு இருப்ப?”

“யாரச் சொல்றீங்க? கம்ப்யூட்டரையா, என்னையா?”

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதால் என்ன? அழுதுகொண்டே யோசிக்கவும் முடியும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதே போர்டு நாற்பது விநாடியில் எழுந்தது. இதே ரேம், இதே டிஸ்க். நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கேபினெட். வேலையில் இருந்தபோது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, எது மாறியதோ அதை முதலில் பார் என்பது. நான் மூன்று நாளாக, மாறாததையெல்லாம் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தேன். கேபினெட்டிலிருந்து போர்டை முழுசாக வெளியே எடுத்துத் தாளின் மேல் வைத்தேன். பட்டன் இல்லாததால், பட்டன் வயர் சேருகிற இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு தொடு தொட்டேன். முப்பத்தொன்பது விநாடி.

“போர்டு பூட்ச்சாம் போர்டு!” என்று யாருமில்லாத வீட்டில் கத்தினேன். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் என் வாயில் ஆவடி வந்துவிடும்.

பிறகு கேபினெட்டின் வயர்களை ஒவ்வொன்றாகப் போர்டில் சொருகிப் பார்த்தேன். பட்டன் வயர், நாற்பது விநாடி. விளக்கு வயர், நாற்பது. முன்பக்கம் பென் டிரைவ் சொருகுகிற யூ.எஸ்.பி. ஓட்டைகளின் வயர், ஒன்பது நிமிடம். பிடுங்கினால் நாற்பது, சொருகினால் ஒன்பது. திருடன் அகப்பட்டான். அந்த ஓட்டையில் ஏதோ சொருகியிருக்கிறது என்று போர்டு நம்பிக்கொண்டிருந்தது. யார் நீ என்று கேட்கும், பதில் வராது, காத்திருக்கும், மறுபடி கேட்கும். இப்படி ஒன்பது நிமிடம்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“இன்னா அண்ணாத்தே, வயர் பூட்ட கேபினெட்ட என் தலையில கட்டிட்டு, போர்டு அவுட்டுன்னு கத வேற உடுறியா?”

“மேடம், மேடம், கத்தாத. குடுக்கசொல்ல நம்ம கடை போர்டுல மாட்டி ரெண்டு ஓட்டைலயும் பென் டிரைவ் சொருவி காட்டுனேனா இல்லியா? ஓட்டைக்குள்ள லைட்டு அட்ச்சுப் பாரு ஒரு தபா.”

போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். உள்ளே, பித்தளைத் தகடுகளின் மேல், அப்பிக்கொண்டு, சந்தனம். அதன் மேல் குங்குமம். நான் வைத்த பொட்டு. வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தேனே, துடைத்ததில் பாதியை உள்ளே தள்ளியிருக்கிறேன். ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

“இன்னா மேடம், இன்னா கீது உள்ள?”

“ஒண்ணுமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன். வெட்கப்பட்டேன் என்று சொன்னது இங்கேதான்.

அந்த வயரைப் பிடுங்கியே விட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். நாற்பத்தோரு விநாடி. சாயந்திரம் கணவர் வந்ததும் போட்டுக் காட்டினேன். “அடேங்கப்பா! என்ன பண்ணுன?” என்றார். சந்தனம் என்று சொன்னால் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ‘டச்’ என்பார். “கேபினெட் வயர் ஃபால்ட்” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவரோ உடனே போனை எடுத்து, அந்தக் கடைக்காரன் ஏமாற்றுக்காரன், யாரும் போகாதீர்கள் என்று எங்கள் ஃப்ளாட் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதன்கிழமை அவருக்கு வீட்டிலிருந்து வேலை. பதினொரு மணிக்குத் தேர்வு மென்பொருள் என் மெஷினை அணைத்தது. கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. மனசுக்குள் எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதுமே எழுந்துவிட்டது. பாக்கி நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி என்று மூலையில் ஓடியது. அந்த எண்ணைப் பார்த்து, “போடா” என்றேன். யாரைச் சொன்னேன் என்று தெரியாது.

தேர்வு நன்றாகவே எழுதினேன். அடுத்து நேர்முகம். திரையில் நரைத்த தலையோடு ஒரு மனிதர். என் ரெஸ்யூமேயைப் பார்த்துக்கொண்டே, “ஆறு வருஷம் கேப் இருக்கேம்மா. ஹேண்ட்ஸ்-ஆன் எதுவும் இல்லையே?” என்றார்.

“இருக்கு சார். நேத்து வரைக்கும் இருந்தது.”

சொன்னேன். கேபினெட் மாற்றியது, ஒன்பது நிமிடம், ரேம், கேபிள், போர்டு போய்விட்டது என்று கடையில் சொன்னது, மேஜையில் பிரித்துப் போட்டது எல்லாம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரூட் காஸ் என்ன?”

கணவர் டீயோடு வாசற்படியில் நின்றிருந்தார். ‘கேபினெட் வயர் சார்’ என்பது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு தப்புச் செய்தால் டச் விட்டுப்போயிற்று என்று அர்த்தமா? வேலையில் இருந்தபோது நான் தப்பே செய்யாதவளா? என் கணவர்தான் ஆபீசில் தப்புச் செய்வதில்லையா? என் தப்பை ஒளித்துவைத்து, அதை ஒரு கடைக்காரர் தலையில் கட்டித்தானா நான் கெட்டிக்காரி என்று காட்ட வேண்டும்?

“சந்தனம் சார். புதுப் பெட்டிக்குப் பொட்டு வெச்சேன், யூ.எஸ்.பி. ஓட்டைக்குள்ள போயிடுச்சு. தப்புப் பண்ணது நான். கண்டுபிடிச்சது நான். சரி பண்ணதும் நான். மூணுக்கும் வேற ஆள் கிடையாது.”

திரையில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும், “போர்டை வெளிய எடுத்துடலாம்னு எப்படித் தோணுச்சு?” என்று கேட்டார். அதற்கப்புறம் இருபது நிமிடம் நாங்கள் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். ஆறு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கடைசியில், “எப்ப ஜாயின் பண்ண முடியும்?” என்றார்.

“திங்கட்கிழமை.”

திரை அணைந்தது. டீ ஆறிப்போயிருந்தது. கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப குரூப்ல நான் போட்டது?” என்றார்.

“அழிச்சிடுங்க. தப்பு கடைக்காரர் மேல இல்ல, என் மேலன்னு நானே போடறேன்.”

அழித்தார். ஆறிய டீயைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாக, “திங்கட்கிழமைன்னுட்டியே. மூணரைக்கு ஸ்கூல்லேருந்து குழந்தைய யாரு கூட்டிட்டு வருவா?” என்றார்.

“நீங்க” என்றேன்.