கதிருக்குக் குண்டு பத்தாது

எங்கள் அப்பா திருமலைசாமியின் காரியத்துக்கு வந்தவர்கள், வீட்டுக்குள் எதற்கு எட்டு கிரைண்டர் என்று மெதுவாகக் கேட்டார்கள். அம்மா காப்பி எடுக்க உள்ளே போய்விட்டாள். நான் எழுதி வைக்கிறேன்.

பீளமேட்டில் அப்பாவுக்குக் கிரைண்டர் கடை. பட்ஜெட் வரும்போதெல்லாம், "வரி கட்டியே எளைச்சுப்போன நாடு சண்டைக்குப் போனா பாதி வழியிலயே உக்காந்துக்குமுங்க" என்பார். அவர் அவ்வளவாக இளைக்கவில்லை. பத்து கிரைண்டர் விற்றால் இரண்டுக்குத்தான் பில்.

தொண்ணூற்றொன்பது ஜூனில், பீரங்கிப் படையிலிருந்த அண்ணன் கதிரைக் கார்கிலுக்கு அனுப்பினார்கள். அப்பா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள், கடையில் கணக்கு எழுதும் என்னிடம், "அம்மணி, பில்லு புக்கை எடு. இனி எல்லாத்துக்கும் பில்லு" என்றார்.

"ஏனுங்கப்பா?"

"நாம குடுக்காம அவனுக்குக் குண்டு ஏது?"

சூலூரிலிருந்து மாரியாத்தாள் என்றொரு அம்மாள் மகளின் சீருக்குக் கிரைண்டர் பார்க்க வந்தார்.

"பில்லு வேண்டாங்க. வரியைக் கழிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

"பில்லு இல்லாட்டி கிரைண்டர் இல்லீங்க அம்மணி. எம் பையன் சண்டையில இருக்கறானுங்க."

"நல்லா இருக்கட்டுங்க. அதுக்கு எங்கூட்டு இட்லி என்னங்க பண்ணும்?"

அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். பிறகு வந்தவர்களும் அங்கேதான் போனார்கள். விற்பனை நின்றது, விற்பனை நின்றால் வரியும் நிற்குமே என்று அப்பாவுக்கு உதறல். அம்மாவின் பெயருக்குப் பில் போட்டு, வரி சேர்த்து, தன் கடையில் தானே வாங்க ஆரம்பித்தார். வாரம் இரண்டு, டெம்போவில் வீட்டுக்கு வரும்.

"எட்டு கிரைண்டர்ல ஆட்ட நாம என்ன ஓட்டலா நடத்தறோம்?" என்றாள் அம்மா.

"சண்டை முடியட்டும், நிறுத்திக்கறேன்."

ஜூலைக் கடைசியில் முடிந்தது. கதிர் அக்டோபரில்தான் லீவில் வந்தான். முகமெல்லாம் கறுத்திருந்தது. அப்பா அவனை உட்காரக்கூட விடவில்லை.

"குண்டு பத்துச்சா கண்ணு?"

கதிர் என்னைப் பார்த்தான். கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தேன்.

"பத்துச்சுங்கப்பா. மிச்சமே இருந்துச்சு."

அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"மிச்சமா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப எதுக்குடா இத்தனை வரி வாங்குனாங்க?"

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மிச்ச வரியைத் திருப்பிக் கேட்க வணிகவரி அலுவலகத்துக்குக் கிளம்பினார். கதிர் தடுக்கவில்லை, வண்டியை எடுத்து அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். மதியம் வரை இருவரும் திரும்பவில்லை. வந்தபோது, அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"உள்ளயே விடலை" என்றார் அப்பா, சிரித்தபடி. கதிரின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.