ஒன்பது இலக்கம், ஒரே விடை

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் 'லிஃப்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாகக் கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் வகுத்தல் கணக்கு மட்டும் அவளை விடவில்லை.

ஏழாம் மாடியில் ஒரு சிறுவர் புதிர்ப் பத்திரிகை. அதன் ஆசிரியர் ஒருநாள் லிஃப்டில் அச்சுத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே தடவை வருகிற எண் வேண்டும். முதல் இரண்டு இலக்கம் இரண்டாலும், முதல் மூன்று மூன்றாலும், இப்படியே ஒன்பதுவரை மீதியில்லாமல் வகுபட வேண்டும். 'பல விடைகள் உண்டு, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடி' என்று போட்டிருந்தது.

மூன்று நாள் மல்லுக்கட்டினாள். 381654729 வந்தது. 38 இரண்டால், 381 மூன்றால், 3816 நான்கால் என்று கடைசிவரை பிசகவில்லை. இன்னொன்று தேடினாள். ம்ஹும்.

"சார், அதுக்கு ஒரே விடைதான்."

அவர் சிரித்தார். "அதிர்ஷ்டத்துல ஒண்ணு மாட்டியிருக்கு. அதுக்காக வேற இல்லைன்னு ஆயிடுமா? நீங்க பட்டனைப் பாருங்கம்மா."

"படிச்சவர்கிட்ட எதுக்குக்கா வம்பு?" என்றாள் வீட்டில் தங்கை.

"படிச்சவர்தானே? வகுத்துப் பாக்கட்டும்."

உட்கார்ந்து எழுதினாள். ஐந்தாம் இடத்தில் ஐந்தைத் தவிர எதுவும் நிற்காது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டை எண்கள்தான் வரமுடியும். மற்ற நிபந்தனைகளையும் வைத்துச் சலித்தபோது மிஞ்சியவை பத்தே பத்து எண்கள். முதல் ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்ததும் அவற்றில் ஒன்பது எண்கள் கவிழ்ந்தன; 381654729 மட்டும் நின்றது.

மறுநாள் காலை ஆசிரியர் தனியாக ஏறினார். தாளை நீட்டினாள்.

"நேரமில்லம்மா."

ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. நிறுத்தியது அவள்தான்.

"பத்தே பத்து வகுத்தல் சார். முடிச்சிட்டு இறங்குங்க."

"புகார் குடுப்பேன்!"

"தாராளமா குடுங்க. முதல்ல வகுங்க."

வேர்த்து விறுவிறுத்து வகுத்தார். எட்டாவது கணக்கில் முறைப்பு போய்விட்டது. பத்தாவதை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான்" என்றார், தாளைப் பார்த்தபடியே.

சொன்னபடி புகாரும் கொடுத்தார். கட்டட மேனேஜர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். அவள் எழுதினாள்: 'லிஃப்டைப் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தியது தப்பு. ஒரே விடை என்று சொன்னது தப்பில்லை.' இரண்டாவது வரியை அடித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றாள். ஒரு மாதத்துக்கு அவளைப் பின்பக்கச் சாமான் லிஃப்டுக்கு மாற்றினார்.

அங்கே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஆசிரியரே தேடிக்கொண்டு வந்தார். "புதிரை மாத்திட்டேன்மா. 'ஒரே விடைதான், ஏன்?'னு கேட்டிருக்கேன். கண்டுபிடிச்சது நம்ம வாசகி ஒருத்தர்னு போடட்டுமா?"

"உங்க பத்திரிகையை நான் ஒருநாளும் வாங்கினதில்ல சார். லிஃப்ட் ஓட்டுறவங்கன்னு போடுங்க."

அப்படியே அச்சில் வந்தது.